பனிக்கட்டிக்கு அடியிலும் எல்லாம் தெரிந்தவர்

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. மரியாதையினால் அல்ல. எழுதினால் அதையும் தனக்குக் கிடைத்த கௌரவமாக எடுத்துக்கொள்வார். இருக்கிற கௌரவங்களே அவருக்கு அதிகம்.

ரொறன்ரோத் தமிழர்கள் அவரை ‘டொக்டர்’ என்று அழைத்தார்கள். அவர் வைத்தியர் அல்ல. கடல் மாசடைவதைப் பற்றி ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் வாங்கியவர். இந்த வித்தியாசத்தை அவர் ஒருவருக்கும் விளக்கியதில்லை. வோபர்னில் ஒரு பிறந்தநாள் விருந்தில் நானே கண்ணால் பார்த்தேன். ஒரு அன்ரி செருப்பைக் கழற்றிவிட்டு வீங்கிய காலை அவருக்கு முன்னால் நீட்டினார்.

“டொக்டர், படியில சறுக்கினனான். மூண்டு நாளா உப்பிடியே நிக்குது.”

வேறு யாராவது என்றால், ‘அன்ரி, நான் அந்த டொக்டர் இல்லை’ என்று சிரித்திருப்பார்கள். இவர் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றிக் கழுத்துப்பட்டியின் நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டார். விரலால் இரண்டு இடத்தில் அழுத்தினார்.

“உது நீர். உப்பைக் குறையுங்கோ. படுக்கேக்க காலைத் தலகணிக்கு மேல வையுங்கோ.”

அன்ரி இரண்டு கிழமை உப்பில்லாத சோறு சாப்பிட்டு நொண்டினார். பிறகு மகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் படம் எடுத்தபோது எலும்பில் வெடிப்பு. இதை நான் அவரிடம் சொன்னபோது அவர் கொஞ்சமும் அசையவில்லை.

“ஓம், எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்தது,” என்றார்.

‘தெரியாது’ என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. நாலு வருடம் அவருக்குக் கீழே வேலை செய்தேன். நெடுஞ்சாலையில் வழிதவறி, கிழக்கே பிக்கரிங்குக்குப் போகவேண்டியவர் எங்களை மேற்கே ஒரு மணித்தியாலம் ஓட்டிக்கொண்டுபோன நாளில்கூட அவர் அதைச் சொல்லவில்லை. “இந்தப் பக்கம் வாகனம் குறைவு,” என்றார். சூரியன் முகத்துக்கு நேரே இறங்கிக்கொண்டிருந்தது. பின்னுக்கு இருந்த நாங்கள் மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. அவரோடு வேலை செய்கிறவர்கள் முதலில் கற்றுக்கொள்வது அதைத்தான்.

எங்கள் அலுவலகம் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் என்ற நகரத்தில் இருந்தது. எவராவது சுரங்கம் தோண்டவோ எண்ணெய்க் கிணறு துளைக்கவோ விரும்பினால், அதனால் நீருக்கும் நிலத்துக்கும் உயிர்களுக்கும் என்ன கேடு வரும் என்று ஆராய்ந்து முதலில் அறிக்கை கொடுக்கவேண்டும். அந்த அறிக்கையை எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில். எழுதச் சொல்லிச் சம்பளம் தருகிறவர்கள், தோண்ட விரும்புகிறவர்களேதான். இதில் ஏதோ இடிக்கிறதே என்று நீங்கள் நினைக்கலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை நானும் நினைத்தேன்.

அவர் வடதுருவப் பிரிவின் தலைவர். அவருடைய அறைச்சுவர் முழுவதையும் ஒரு வெண்கரடியின் படம் நிறைத்திருந்தது. கரடி ஒரு பனித்துண்டின் விளிம்பில் நின்று எங்களைத் திரும்பிப் பார்க்கும்.

“நீங்கள் எடுத்ததோ, சேர்?” என்று முதல் நாள் கேட்டேன்.

“அது ஒரு கஷ்டமான பயணம், பிள்ளை,” என்றார்.

அடுத்த மாதம் பல் வைத்தியரின் வரவேற்பறையில், நாட்காட்டியில், அதே கரடி அதே விளிம்பில் நின்றுகொண்டிருந்தது. அவர் தானே எடுத்ததாகச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவருடைய பொய்கள் ஒன்றும் பொய்யாக இருக்காது. அவ்வளவு கெட்டிக்காரர்.

அந்தக் கெட்டித்தனத்துக்குத்தான் எண்ணெய்க் கம்பனிகள் அவரைத் தேடி வந்தன. நாங்கள் எழுதிக் கொடுக்கும் பக்கங்களில் ‘ஆபத்து’ என்று இருந்தால் அவர் கை பட்டதும் ‘சவால்’ என்று ஆகிவிடும். ‘அழியும்’ என்பது ‘தற்காலிகமாக இடம்பெயரும்’ என்று மாறும். திமிங்கிலங்கள், சீல்கள், கடற்பறவைகள் எல்லாம் அவருடைய அறிக்கைகளில் தற்காலிகமாக இடம்பெயர்ந்துகொண்டே இருந்தன. எங்கே போகும் என்று கேட்கக்கூடாது. ‘தெரியாது’ என்று ஒருவர் எழுதிவிட்டால் மட்டும் அவரைத் தன் அறைக்குக் கூப்பிடுவார்.

நானும் ஒருநாள் கூப்பிடப்பட்டேன்.

வடக்கே, கோடையில் மட்டும் கப்பல் போகக்கூடிய ஒரு கடலில், ஒரு கம்பனி எண்ணெய்க் கிணறு துளைக்க அனுமதி கேட்டிருந்தது. கிணறு கட்டுக்கு அடங்காமல் வெடித்து எண்ணெய் பீறிட்டால் அது எங்கெங்கே போகும் என்று கணித்து வரைபடம் போடுவது என் பொறுப்பு. கோடை மாதங்களுக்குப் போட்டுவிட்டேன். நீரோட்டம், காற்று எல்லாவற்றுக்கும் அளவுகள் இருந்தன. பிரச்சினை அதற்குப் பிறகுதான். பீறிடும் கிணற்றை அடைக்கப் பக்கத்தில் இன்னொரு கிணறு துளைக்கவேண்டும். கோடை முடிவில் வெடித்தால் அதற்குள் கடல் உறைந்துவிடும். கப்பல் நிற்க முடியாது. அடுத்த கோடை வரை எண்ணெய் பனிக்கட்டிக்கு அடியில் வந்துகொண்டே இருக்கும். அந்த இருட்டில் அது எந்தத் திசையில் போகும் என்று கணிக்க என்னிடம் அளவு ஒன்றும் இல்லை. ஒருவரிடமும் இல்லை. அதனால் வரைபடத்தில் என் கோடு கடல் உறையும் இடத்தில் நின்றுவிட்டது. அதற்கு அப்பால் வெள்ளை. கீழே ஒரு வசனம் எழுதினேன்: குளிர்காலத்தில் எண்ணெய் எங்கே போகும் என்பது எங்களுக்குத் தெரியாது.

அவர் பக்கத்தை மேசையில் வைத்து ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார்.

“உது என்ன வசனம்?”

“உண்மை, சேர். அளவு ஒண்டும் இல்லை.”

“அளவு இல்லாட்டி, ‘தொடர்ந்து ஆராயப்படும்’ எண்டு போடும். ‘தெரியாது’ எண்டது விடை இல்லை, பிள்ளை. அது ராஜினாமாக் கடிதம். தெரியாது எண்டு சொல்லுறதுக்கு ஆராவது எங்களைக் கூப்பிடுவினமோ?”

“அப்ப உந்த வெள்ளை இடம்?”

அவர் எழுந்து என் மேசைக்கு வந்து, என் கணினிக்கு முன்னால் இருந்தார். எந்த வரைபடத்திலும் ஒரு மூலையில் சிறு பெட்டி இருக்கும். எந்த நிறம் எதைக் குறிக்கிறது, வடக்கு எந்தப் பக்கம், வரைந்தவர் யார் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். அவர் அந்தப் பெட்டியைப் பிடித்து இழுத்து, பெரிதாக்கி, வெள்ளை இடத்தின் மேல் நேராகக் கொண்டுபோய் வைத்தார். வெள்ளை மறைந்துவிட்டது. கம்பனியின் சின்னத்தையும் அதற்குள் போட்டார்.

“இப்ப பாரும். எவ்வளவு வடிவா இருக்கு.”

பெட்டியில், வரைந்தவர் என்ற இடத்தில், என் பெயர் இருந்தது. நான் அதை அப்படியே சேமித்துக் கொடுத்தேன். அந்த வருடம்தான் நானும் அம்மாவும் சின்னதாக ஒரு வீடு வாங்கியிருந்தோம். இதை ஒரு சாட்டாகச் சொல்கிறேன் என்று எனக்கும் தெரியும்.

அந்த வசந்தத்தில் அனுமதி பற்றிய விசாரணைக்காக வடக்கே போனோம். இரண்டு விமானம் மாறி, மூன்றாவதாக ஒரு சிறு விமானத்தில் ஏறி, வடக்கின் ஆதிக்குடிகளான இனுவிட் மக்கள் வாழும் ஒரு கரையோர ஊரில் இறங்கினோம். அவர் அந்தப் பயணத்துக்கென்று புத்தம்புதிய தடித்த குளிரங்கி ஒன்று வாங்கியிருந்தார். விலைச்சீட்டை வெட்டவில்லை; அங்கியின் கைக்குள் மடித்து ஊசி குத்தியிருந்தார். திரும்பி வந்ததும் கடையில் கொடுத்துவிடலாம் அல்லவா. இருபது வருடமாக வடதுருவத்தைப் பற்றி எழுதுகிறவருக்குச் சொந்தமாக ஒரு குளிரங்கி இருக்கவில்லை. விமானத்திலிருந்து விடுதிக்கும், விடுதியிலிருந்து விசாரணை நடந்த பள்ளிக்கூட மண்டபத்துக்கும் வாகனத்திலேயே போனார். கடல் உறைந்து ஐந்நூறடி தூரத்தில் கிடந்தது. நான் போய் அதன் மேல் நடந்து பார்த்தேன். “வாறீங்களோ, சேர்?” என்று கேட்டதற்கு, “நான் கன தரம் பாத்தனான்,” என்றார்.

மண்டபம் நிறைந்திருந்தது. கைக்குழந்தைகளோடு பெண்கள், கனத்த சப்பாத்துகளோடு ஆண்கள். விசாரணைச் சபையினர் ஒரு நீண்ட மேசையில் இருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், ஐம்பது வயதுப் பெண், பென்சிலோடு இருந்தார். எங்கள் வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்டியிருந்தோம். டொக்டர் குளிரங்கியைக் கழற்றாமலே அதற்கு முன்னால் நின்று கையை உயர்த்தி உயர்த்தி விளக்கினார். ஒருதரம் கையை அதிகமாக உயர்த்தியபோது ஊசி கழன்று விலைச்சீட்டு வெளியே வந்து தொங்கியது. பேச்சு முடியும்வரை அது அவர் மணிக்கட்டுக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் வரைபடத்தை விட்டுவிட்டு அதையே பார்த்தார்கள்.

பேசி முடிந்ததும் ஒரு முதியவர் எழுந்தார். சீல் வேட்டைக்காரர். அவர் தன் மொழியில் நிதானமாகப் பேச, அந்தப் பெண் ஆங்கிலத்தில் சொன்னார்.

“பனிக்கட்டியின் அடிப்பக்கம் சமதரை அல்ல. மேடும் பள்ளமுமாக இருக்கும். எண்ணெய் அந்தப் பள்ளங்களில் போய் நிற்கும். எங்கே துளை இருக்கிறதோ அங்கே மேலே வரும். சீல் மூச்சுவிட வருவதும் அதே துளைக்குத்தான். அந்த எண்ணெயை நீங்கள் எப்படி எடுப்பீர்கள் என்று கேட்கிறார்.”

டொக்டர் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு பதில் சொன்னார். ஒருங்கிணைந்த மீட்பு அணுகுமுறை என்றார். பருவத்துக்கு ஏற்பத் தகவமைக்கப்படும் நடவடிக்கைகள் என்றார். உலகின் மிகச் சிறந்த நடைமுறைகள், தொடர்ச்சியான கண்காணிப்பு, பங்காளிகளின் ஒத்துழைப்பு. அப்படியே போய்க்கொண்டிருந்தது. மொழிபெயர்ப்பாளர் கொஞ்ச நேரம் குறிப்பெடுத்தார். பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

“மன்னிக்கவேண்டும்,” என்றார். “இதை எங்கள் மொழியில் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. எடுக்க முடியுமா, முடியாதா?”

“கேள்வி அவ்வளவு எளிமையானது அல்ல,” என்று டொக்டர் சிரித்துவிட்டு, முதலில் சொன்ன எல்லாவற்றையும் ஒழுங்கு மாற்றி இன்னொரு முறை சொன்னார்.

அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டார். பிறகு மக்கள் பக்கம் திரும்பி ஒரேயொரு சொல் சொன்னார். மண்டபம் முழுவதும் சிரித்தது. முதியவர் தலையாட்டிவிட்டுத் திரும்பக் கதிரையில் இருந்தார்.

தேநீர் இடைவேளையில் டொக்டர் என் காதுக்குள், “என்ன சொன்னவ? கேட்டுக்கொண்டு வாரும்,” என்றார். போய்க் கேட்டேன்.

“‘முடியாது’ என்று சொன்னேன்,” என்றார் அந்தப் பெண். “அவர் சொன்னது அதுதானே?”

வந்து சொன்னேன். அவருக்கு வெட்கமோ கோபமோ வரவில்லை. பிஸ்கற்றைத் தேநீரில் தோய்த்தபடி, “பரவாயில்லை. எழுத்துப் பதிவில கிடக்கப்போறது என்ர இங்கிலீஷ். அவ சொன்னது காத்தோட போயிடும்,” என்றார்.

அந்த நேரத்தில் முதியவர் வரைபடத்துக்கு முன்னால் தனியாக நின்றுகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனேன். அவர் ஒருமுறை கரையைத் தடவினார். தான் பிறந்த இடமாக இருக்கலாம். பிறகு என் கோட்டின் மேல் விரலை வைத்து அதோடு கூடவே போனார். விரல் பெட்டியில் முட்டி நின்றது. பெரிய, வெடித்த பெருவிரல். கம்பனியின் சின்னத்தை அது முழுவதுமாக மறைத்தது.

“இந்தப் பெட்டிக்குக் கீழே என்ன இருக்கிறது?” என்று ஆங்கிலத்திலேயே கேட்டார்.

“கடல்,” என்றேன்.

அவர் என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்தார். பெட்டிக்குள் இருந்த பெயரைப் பார்த்தார்.

ரொறன்ரோ வந்து மூன்று நாள் அந்தப் பெருவிரல் என்னை விடவில்லை. நான்காம் நாள் விசாரணைச் சபைக்கு ஒரு கடிதம் எழுதினேன். நீளமான கடிதம் அல்ல. அந்த வரைபடத்தை வரைந்தவள் நான், பெட்டியை அங்கே வைத்தது நான் அல்ல, அதற்குக் கீழே உள்ள கடலில் குளிர்காலத்தில் எண்ணெய்க்கு என்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியாது என்று எழுதி, பெட்டி இல்லாத பழைய வரைபடத்தையும் சேர்த்து அனுப்பினேன்.

கத்துவார், வேலையை விட்டு நிறுத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைக் கூப்பிடவே இல்லை. அம்மாவைத்தான் கூப்பிட்டார். அன்று வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் அம்மா அழுத கண்ணோடு குசினியில் அடுப்புக்கு முன்னால் நிற்கிறார்.

“டொக்டர் போன் எடுத்தவர். உனக்குக் கொஞ்ச நாளா மனம் சரியில்லையாம். வேலையில பிழையள் விடுறியாம். என்னெண்டாலும் எங்கட பிள்ளை, தான் பாத்துக்கொள்ளுறன் எண்டவர். ஏனடி எனக்கு ஒண்டும் சொல்லேல்லை?”

“அம்மா, அவர் பொய் சொல்லுறார்.”

“அவர் ஏன் பொய் சொல்லோணும்? எவ்வளவு தன்மையாக் கதைச்சார் தெரியுமோ? நித்திரைக்கு என்ன குளிசை நல்லதெண்டுகூடச் சொன்னவர்.”

சபைக்கும் அதே கதையைத்தான் எழுதியிருந்தார். எங்கள் பணியாளர் ஒருவர் மன அழுத்தத்தில் இருக்கிறார், அவருடைய நலன் எங்களுக்கு முக்கியம் என்று. எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அவருடைய எழுத்தில் அதைவிடச் சுத்தமான வசனத்தை நான் வாசித்ததில்லை. ஒரு இடத்திலும் பிழை பிடிக்க முடியாது. நானும் தற்காலிகமாக இடம்பெயர்ந்தேன். முதலில் வாகனத் தரிப்பிடங்களின் மழைநீர் வடிகால் பிரிவுக்கு, ஆறு மாதத்தில் தெருவுக்கு.

ஆனால் சபை அந்த வரைபடத்தை விடவில்லை. பெட்டிக்குக் கீழே என்ன என்று கம்பனியிடம் கேட்டது. கம்பனி அவகாசம் கேட்டது. அவகாசம் நீண்டது. அதற்கிடையில் எண்ணெய் விலை விழுந்து, அந்த விலைக்கு அங்கே போய்த் துளைப்பது கட்டாது என்று கம்பனி திட்டத்தையே கைவிட்டது. என் கடிதம் ஒரு கடலைக் காப்பாற்றியது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். காப்பாற்றியது சந்தை. கடிதம் கொஞ்சம் தாமதப்படுத்தியிருக்கலாம். அவ்வளவுதான்.

போன வருடம் ஸ்காபரோவில் ஒரு சங்கம் அவருக்குச் சூழல் காவலர் என்று விருது கொடுத்தது. நான் போகவேண்டிய தேவை இல்லை. இப்போது ஒரு ஆற்றுப் பாதுகாப்பு அலுவலகத்தில் மீன் எண்ணுகிற வேலை செய்கிறேன், சம்பளம் பாதி. அம்மாதான், “அவர் எங்களுக்கு எவ்வளவு ஆதரவா இருந்தவர், போகாட்டிச் சரியில்லை,” என்று இழுத்துக்கொண்டு போனார்.

மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். வடதுருவத்தை எண்ணெய்க் கம்பனியிடமிருந்து மீட்ட தமிழர் என்று அறிமுகப்படுத்தினார்கள். அவர் மறுக்கவில்லை. ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு தழுதழுத்த குரலில் பேசினார்.

“எல்லாரும் தெரியும் தெரியும் எண்டு கதைச்ச நேரத்தில, எங்களுக்குத் தெரியாது எண்டு எழுதுறதுக்கு ஒரு நெஞ்சு வேணும். அந்த ஒரு வசனம்தான் அந்தக் கடலைக் காப்பாத்தினது.”

கைதட்டல் அடங்கக் கன நேரம் பிடித்தது. அம்மாவும் தட்டினார். எனக்கு முன்னால் இருந்த தேநீர்க் கோப்பையை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். எறிந்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

கூட்டம் முடிந்து நழுவப் பார்த்தேன். அவர் கண்டுவிட்டார். பத்திரிகைக்காரரின் கமெராவுக்கு முன்னால் நின்றுகொண்டு, “வாரும், பிள்ளை, வாரும். இவ எனக்குக் கீழ வேலை பழகினவ,” என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லி என்னைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தினார். அம்மாவையும் மற்றப் பக்கம் நிறுத்தினார். பொன்னாடையின் சரிகை என் தோளில் உரசியது. கமெராக்காரர் வெளிச்சத்தைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

“உம்மட கடிதத்தைச் சபை எனக்குக் காட்டினது. நல்ல கடிதம். ரெண்டாம் பந்தி மட்டும் கொஞ்சம் நீளம்.”

அப்படியென்றால் அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. ஒரு வசனத்தைக்கூட அவர் மறக்கவில்லை. மறதி என்றாவது ஒரு சாட்டு அவருக்கு இருந்திருக்கலாம். அதையும் அவர் வேண்டாம் என்றுவிட்டார்.

நான் அவர் பக்கம் திரும்பி ஒரு சொல் சொன்னேன். அச்சில் போடக்கூடிய சொல் அல்ல. என் வாழ்க்கையில் பெரியவர்கள் ஒருவரையும் நான் அப்படிச் சொன்னதில்லை. அவருக்கு நன்றாகக் கேட்டது. கழுத்தில் ஒரு நரம்பு துடித்தது. ஆனால் அவர் கமெராவைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வெளிச்சம் பளிச்சென்று அடித்தது.

அந்தப் படம் அடுத்த கிழமைப் பத்திரிகையில் வந்தது. பொன்னாடையோடு அவர் நடுவில். ஒரு பக்கம் அம்மா, கைகூப்பியபடி. மறுபக்கம் நான், அவர் முகத்தைப் பார்த்தபடி, வாய் திறந்து, பல் தெரிய.

அம்மா அதை வெட்டி, சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களுக்குக் காட்டுகிறார்.

“பாருங்கோ, எவ்வளவு சந்தோஷமாச் சிரிக்கிறாள்.”